பட்டனுக்குத் திறப்பு விழா

"ஒரு பட்டனுக்குத் திறப்பு விழாவா சார்?"

"மெதுவா பேசும்மா புஷ்பவல்லி. தலைவர் காதுல விழுந்தா அடுத்து எனக்கு வழியனுப்பு விழாதான்" என்றார் செயலாளர் கார்த்திகேசு.

கிள்ளான் ஊர்த் தமிழர் சங்கத்துக்கு யாரோ கழித்துக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் அது. அடிக்கடி அசையாமல் நின்றுவிடும். ரீசெட் பட்டன் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு மாரடிக்க வேண்டும். லோரி வயரிங் பார்க்கும் பக்கிரிசாமிதான், வீட்டு வாசலில் வைக்கிற பெல் பட்டன் ஒன்றை அதில் பொருத்திக் கொடுத்தார்.

தலைவர் பெரியகருப்பன் கேள்விப்பட்டார். விடுவாரா? பேனர், மாலை, போட்டோகிராபர், பிரியாணி!

சங்கத்து டைப்பிஸ்ட் புஷ்பவல்லிக்கோ தலைக்கு மேல் வேலை. உபகாரச் சம்பளம் கேட்ட நாற்பத்தெட்டுப் பிள்ளைகளின் விவரத்தைக் காலையிலிருந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் இந்த வருஷம் அவர்களுக்குக் கிடையாது.

"எழுந்திரும்மா, தலைவர் கார் வந்துடுச்சு. பன்னீர்ச் செம்பை யார் பிடிக்கிறது?"

"சார், இன்னும் சேவ் பண்ணல! இப்ப பட்டனை அமுக்கினா அடிச்சது அத்தனையும் போயிடும்."

"அதெல்லாம் அப்புறம் லா!" செம்பைக் கையில் திணித்து வாசல் பக்கம் தள்ளினார் கார்த்திகேசு.

இடையில் ஒரு தடவையாவது சேவ் பண்ணித் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மேசைக்குப் பின்னால் ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்த பக்கிரிசாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தலைவர் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். "நம்ம பிள்ளைங்க படிப்புக்காக என் உயிரையே..."

"தலைவரே, அந்தப் பிள்ளைங்க லிஸ்டு அதுலதான்..."

"குறுக்க பேசாதம்மா. போட்டோ ரெடியா?"

மாலை போட்ட கம்ப்யூட்டரின் பட்டனில் விரலை வைத்து அமுக்கினார். புஷ்பவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமுக்கினார். கட்டைவிரலால் அமுக்கினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே குத்திக்கூடப் பார்த்தார். திரையில் இருந்த எழுத்து இருந்தபடியே இருந்தது.

"பெல் அடிக்குது, யாராச்சும் கதவைத் திறங்கப்பா!" என்றது பின்வரிசை. சபை கொல்லென்று சிரித்தது.

தலைவர் முகம் சிவந்தது. "யாருய்யா இதை மாட்டினது? லோரிக்காரனைக் கூப்பிட்டா இப்படித்தான்! இனிமே சங்கத்துப் பக்கம் உன் தலையே தெரியக் கூடாது!"

பக்கிரிசாமி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேலை தெரியாத மனுஷன், நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று மனசார வாழ்த்தினாள் புஷ்பவல்லி.

கூட்டம் பிரியாணிக்குப் பாய்ந்ததும் ஓடி வந்து லிஸ்டை சேவ் பண்ணினாள்.

"பண்ணியாச்சாம்மா?" பின்னால் பக்கிரிசாமி.

"ஆச்சு அண்ணே."

அவர் குனிந்து, கழற்றி வைத்திருந்த ஒயரை மாட்டினார். பட்டனைத் தொட்டார். திரை சட்டென்று இருண்டு, மறுபடி உயிர் பெற்றது.

புஷ்பவல்லிக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணே! அத்தனை பேர் முன்னால திட்டு வாங்கினீங்களே! இருங்க, நான் போய்த் தலைவர்கிட்ட உண்மையைச் சொல்றேன்."

"ஐயோ, வேணாம்மா! பட்டன் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, நாளைக்கே இன்னொரு விழா வைப்பாரு!"