இங்கே செடி நடக் கூடாது

"இன்னைக்குள்ள அந்தச் செடி அத்தனையும் பிடுங்கிப் போட்டாகணும். இல்லேன்னா டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்து அனுப்பிடுவேன்!"

முதல்வர் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பியூன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் மட்டும் அசையவில்லை. கல்லூரியில் அவளுக்குப் பெயர் 'எதிர்க்கட்சி'. உட்கார் என்றால் நிற்பாள், நில் என்றால் உட்கார்ந்துகொள்வாள்.

"பிடுங்க மாட்டோம் சார்."

"அது கார் ஷெட் கட்டப் போற இடம்மா. நாளைக்குக் காலைல தாளாளர் புல்டோசரோட வர்றார்."

"வரட்டும். எங்க மேல ஏத்திட்டுப் போகட்டும்."

"திமிரு! உடம்பு பூரா திமிரு! நாளைக்கு ஒருத்தியாவது அந்தத் தோட்டத்துக்குள்ள கால் வெச்சீங்க, அப்புறம் நான் பொல்லாதவனாயிடுவேன். போ வெளியே!"

வெளியே காத்திருந்த தோழி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி சொன்னாரு?"

"நாளைக்கு யாரும் தோட்டத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதாம்."

"ஐயோ! அப்ப?"

"அப்ப என்ன அப்ப? எல்லாரையும் வரச் சொல்லு. ஹாஸ்டல்ல ஒருத்தி பாக்கி இருக்கக் கூடாது."

அந்தத் தோட்டம் பிறந்ததே வீம்பில்தான். மைதானத்துக்குப் பின்னால் முள்ளும் உடைந்த நாற்காலியுமாகக் கிடந்த தரையை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. திடீரென்று ஒருநாள் முதல்வர் அங்கே பலகை வைத்தார்: 'இங்கே யாரும் செடி நடக் கூடாது.' செடி நடும் எண்ணம் அதுவரை எவருக்கும் கனவிலும் வந்ததில்லை. பலகையைப் பார்த்ததும் எதிர்க்கட்சிக்குக் கை பரபரத்தது. அன்று சாயங்காலமே அந்தப் பலகையின் காலடியில் தக்காளி நாற்று நட்டாள்.

அதன் பிறகு தடைமேல் தடை. காய்ந்த இலைகளைக் குவித்து வைக்கக் கூடாது என்றார், குவித்தார்கள். கேன்டீன் கழிவில் கை வைக்கக் கூடாது என்றார். வாளி வாளியாக அள்ளி வந்து மக்க வைத்தார்கள். கேம்பஸுக்குள் சாணி நாற்றம் வரவே கூடாது என்றார். மறுநாள் மூட்டையே வந்து இறங்கியது. செடி என்று ஒன்று இருந்தால் பூச்சிமருந்து அடித்தே தீர வேண்டும் என்று ஒரு பாட்டிலை நீட்டிக் கத்தினார். அந்தப் பாட்டிலை ஒருத்தியும் தொடவில்லை. இப்போது ஹாஸ்டல் சமையலுக்குக் கத்தரியும் கீரையும் அங்கிருந்துதான் போகின்றன. மருந்தின் வாடைகூடப் படாத காய்கள்.

"செடியைக் கண்டாலே எரிஞ்சு விழறாரு. இவரு எதுக்குடி தாவரவியல்ல டாக்டர் பட்டம் வாங்கினாரு?" என்று தோழி அடிக்கடி கேட்பாள்.

மறுநாள் காலை புல்டோசர் உறுமிக்கொண்டு வந்து நின்றபோது, பாத்திகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் எதிர்க்கட்சி. படிப்பு போய்விட்டால் வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? இருந்தாலும், கையால் பக்குவப்படுத்திய மண்ணை விட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

தாளாளர் காரிலிருந்து இறங்கினார். "என்ன சார் இது? நாலு பொண்ணுங்களை அடக்க உங்களால முடியலையா?"

"சொல்லாத சொல் இல்லைங்க," என்று முதல்வர் கையைப் பிசைந்தார். "பலகை வெச்சேன், தடை போட்டேன், நேத்துகூட டி.சி. கொடுத்துடுவேன்னு மிரட்டினேன். நீங்களே பாருங்க, ஒருத்தியாவது அசையறாளா?"

தாளாளர் அவளைப் பார்த்தார். "எழுந்திரும்மா."

"இந்த மண்ணுல நீங்க சிமென்ட் கொட்டணும்னா முதல்ல என்னைத் தூக்கிப் போடுங்க சார்!"

பின்னாலிருந்து கைதட்டல் பறந்தது. அட்மிஷன் நேரம். பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் வேலி ஓரமாகக் கூடி, ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தாளாளர் அதைக் கவனித்தார். முகம் சுண்டிப் போயிற்று.

"இந்தக் கூத்து வெளியில பரவினா ஒரு சீட்டும் நிரம்பாது. ஷெட்டை வேற எங்கயாவது கட்டிக்கலாம். வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

புல்டோசர் திரும்பியது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். தோழி அழுதேவிட்டாள்.

முதல்வர் மட்டும் பாத்தி ஓரமாக நடந்து வந்தார். எதிர்க்கட்சி தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"டி.சி.யைக் கொடுங்க சார். வாங்கிக்கத் தயாராத்தான் வந்திருக்கேன்."

அவர் தாளாளரின் கார் கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"டி.சி. கிடக்கட்டும்மா," என்றார் மெல்லிய குரலில். "கிணத்தோர மூலை இன்னும் சும்மாவே கிடக்கே... அதுக்கும் நான் ஒரு தடை போட்டாத்தான் நடுவீங்களா?"