சிங்கத்தின் கெட்டிமேளம்

தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாதென்று கெட்டிமேளம் கொட்டுவார்கள் அல்லவா? அந்த வழக்கத்தைச் சிங்கராஜா தன் சபைக்கே கொண்டுவந்துவிட்டது. மேளம் கரடியின் கழுத்தில்.

"மகாராஜா, குளத்துல தண்ணி..." என்று மான் இழுத்தால் போதும், சிங்கம் விரலை ஆட்டும். டமடமடம! "என் குட்டியைக் காணோமுங்க..." என்று முயல் விம்மும். டமடமடம! கரடிக்குத் தோள்பட்டை கழன்றே போனது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

ஒருநாள் பக்கத்துக் காட்டு யானை விருந்துக்கு வந்தது. "உங்க ஜனங்க எப்படி இருக்காங்க?"

"நீங்களே கேளுங்க, ஒரு முனகல் வருதா? எங்க காட்டுல தினமும் கல்யாணம்தான்!" சிங்கம் மீசையை நீவிக்கொண்டது.

யானை கரடியின் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்கண்ணே, சந்தோஷமா இருக்கீங்களா?"

இத்தனை வருஷத்தில் கரடியிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அது குச்சியைக் கீழே வைத்தது. "ஐயா, என் கை..." என்று ஆரம்பித்தது.

சிங்கம் விரலை ஆட்டியது.

கரடி தன் கொப்புளங்களைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு குச்சியை எடுத்தது. டமடமடம!

யானைக்கு அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. தாளம் பிரமாதம் என்று காதை ஆட்டிக்கொண்டிருந்தது.