பின்பக்க லிஃப்ட்

பராமரிப்புப் பணம் பாக்கி வைத்த வீட்டுக்காரர்களுக்கு எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் திறக்காது. முகத்தைப் பார்த்ததுமே அதற்குத் தெரிந்துவிடும். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் கைதூக்கிக் கொண்டுவந்த விதி இது. வசூலுக்கு அலையும் மேனேஜர் நான் என்பதால் திட்டு மட்டும் எனக்கு.

பதினோராவது மாடி ஹேமலதா மேடத்தின் கையிருப்பெல்லாம் கணவரின் வைத்தியத்திலேயே கரைந்துவிட்டது. முழங்கால் வலியோடு சில வாரம் படியேறினார். பிறகு ஒருநாள் வேலையாட்களுக்கான பின்பக்க லிஃப்டில் போய்க்கொண்டிருந்தார். அடுக்ககத்தின் ஆப்பில் தன் வீட்டுக்குத் தன்னையே வேலைக்காரியாகப் பதிந்திருந்தார். வேலையாட்களுக்கு ஏது பாக்கி?

"கண்டுக்காதீங்க சார்," என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை. யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நேற்று மாலை குக்கரை ரிப்பேருக்குக் கொடுக்க எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்பக்க கேட் அவரை நிறுத்தியது. வெளியே போகும் வேலையாட்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும். அதுவும் நாங்கள் போட்ட விதிதான். காட்டினார். உடனே கேட் வீட்டுக்காரருக்கு போன் போட்டது. அடித்தது மேடம் கையிலிருந்த போன்.

"உங்கள் வீட்டு வேலையாள் ஒரு குக்கரை வெளியே கொண்டுபோகிறார். உங்களுக்குத் தெரிந்துதானா?"

அவருக்குப் பின்னால், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்கள் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"தெரியும்," என்றார் மேடம் போனில். "நல்ல பொம்பளைதான். விடுங்க."