அப்பா போட்டுக் காட்டிய மாத்திரை

அப்பா மாத்திரையை வாயருகே கொண்டுபோனதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பின்னால் யாராவது நேரம் கேட்டால் சொல்ல வேண்டுமே.

மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம். "ஆச்சு" என்றார் அப்பா.

மாலை நாலு பத்து.

மாத்திரை அம்மாவுடையது. ஒன்பது வருடமாகப் பிரஷருக்குப் போடும் அதே மருந்து. கம்பெனி மட்டும் வேறு, விலை மூன்றில் ஒரு பங்கு. வாங்கி வந்தவன் நான்.

பழைய அட்டை தீர்ந்து மூன்று நாளாகிறது. புதியதை அம்மா தொடவில்லை. மாத்திரையை விட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு தடவை சமையலறையில் விழுந்திருக்கிறாள்.

மருந்துக் கடைக்காரர் சொன்னதையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். கண்டுபிடித்த கம்பெனியின் காப்புரிமை என்றோ முடிந்துவிட்டது, இப்போது ஆளாளுக்கு இதைத் தயாரிக்கிறார்கள், போட்டி. விளம்பரச் செலவு இல்லை. மூலப்பொருள் விலை ஏறினால் இதுவும் ஏறும். கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க எனக்கு ஏறாத பொருளாதாரம் அந்தக் கடை வாசலில் ஐந்தே நிமிடத்தில் ஏறியது.

அம்மாவுக்கு ஏறவில்லை.

"எதிர்க் கடைல இதே மாத்திரை ரெண்டு மடங்கு. ஒரே மாத்திரைக்கு ரெண்டு விலைன்னா ஒண்ணு மருந்து, ஒண்ணு சாக்பீஸ். நீ எதை வாங்கிட்டு வந்தியோ!"

அதனால்தான் அப்பா களத்தில் இறங்கினார். அவர் போட்டு ஒன்றும் ஆகவில்லையென்றால் அவளும் போட வேண்டும். அதுதான் ஒப்பந்தம். கண்ணாடி நம்பர் மாறியதால் வரும் பின்மண்டை வலியைத் தவிர அவருக்கு ஒரு நோயும் கிடையாது.

நாலு இருபது. அப்பா பேப்பர் படித்தார். வலது கையால் மட்டுமே பக்கம் புரட்டினார். இடது கை மடியில் மூடிக் கிடந்தது.

நாலரைக்கு அக்கா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தாள். நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும் பையைத் தரையில் போட்டாள்.

"அறிவிருக்காப்பா? நல்லா இருக்கிறவங்க இதைப் போட்டா பிரஷர் சர்ருனு இறங்கிடும்!"

அம்மாவின் பிரஷர் மெஷினை எடுத்து அப்பாவின் வலது கையில் பட்டையைச் சுற்றினாள்.

மெஷின் உறுமி அடங்கியது. அக்கா பட்டையைக் கழற்றி மறுபடி சுற்றினாள். மறுபடி உறுமியது. அவள் முகத்தில் இருந்த கோபத்தைக் காணவில்லை.

"இறங்கத்தானே செய்யணும்... போட்டதுக்கு அப்புறமும் இருநூத்திப் பத்தா?"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" அம்மா என் சட்டையைப் பிடித்துவிட்டாள். "எங்கேர்ந்துடா அந்த விஷத்தை வாங்கிட்டு வந்தே?"

நான் மனசுக்குள் போலீஸிடம் கடைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா இடது கையைத் திறந்தார்.

மாத்திரை அங்கே இருந்தது. வியர்வையில் ஓரம் கரைந்து, உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு.

"பயமா இருந்துச்சு" என்றார். "வெறும் தண்ணியைத்தான் குடிச்சேன்."

அக்கா மெஷினில் நின்ற இருநூற்றுப் பத்தை மறுபடி பார்த்தாள். அப்பாவின் பட்டை சுற்றிய வலது கை தானாகப் பின்மண்டைக்குப் போனது.