எங்கள் தெருவில் மட்டும் வேகம்

தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள் நால்வர்: தலைமையாசிரியை, பள்ளி பஸ் டிரைவர், ஒரு குழந்தையின் தாய், அவள் துணைக்கு அழைத்து வந்த எதிர்வீட்டுப் பெரியவர்.

"நேத்து என் பொண்ணு மயிரிழையில தப்பிச்சா! நீங்க கேளுங்க பெரியப்பா," என்றாள் தாய்.



"மத்த தெருவுல ஆமை மாதிரி போறீங்க. இவங்க தெருவுல மட்டும் ஏன் பறக்குறீங்க?" என்று டிரைவரை அதட்டினார் தலைமையாசிரியை. "காரணம் சொல்லலேன்னா வேலை போயிடும்."



பெரியவர் எழுந்தார். "நான்தாம்மா காரணம். 'யாரும் உன் முகத்தைப் பார்த்துடக் கூடாது, சட்டுனு தாண்டிப் போயிடு'ன்னு நான்தான் சொல்லி வச்சேன். இவன் என் மகன்."

பெரியவரின் மகன் வெளியூரில் வங்கி அதிகாரி என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவன் பள்ளி பஸ் ஓட்டுகிறான். இப்போது மெதுவாக ஓட்டுகிறான்.