அங்கீகரிக்கலாம்

“ஆம்” என்றாள்.

பக்கத்து இருக்கைக்காரர்கள் முனகியதோடு சரி. அவள் குரல்தான் பேரவை முழுக்கக் கேட்டது. கம்பெனி வாசலில் கோஷம் போட்டுப் பழகிய தொண்டை. அதற்கு மெதுவாகப் பேச வராது.

மசோதா நிறைவேறியது என்று சபாநாயகர் அறிவித்தார். மேசைகளைத் தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தாள்.

பார்வையாளர் மாடத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டக் கூடாது என்று காவலர் மிரட்டியிருப்பார் போலிருக்கிறது. பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்து அமுக்கி அமுக்கிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒருகாலத்தில் அவளும் அதே கம்பெனியில் தோல் தைத்தவள். சங்கம் வைத்தவள். அதைச் சொல்லி ஓட்டுக் கேட்டு, ஜெயித்து, இங்கே வந்து உட்கார்ந்தவள்.

இது அவளுடைய சட்டம் என்றுதான் ஊரே பேசிற்று.

பாதிக்கு மேல் தொழிலாளர்கள் சேர்ந்த சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். மற்ற பக்கங்களெல்லாம் ஜோடனை.

நேற்று அமைச்சர் அறையில், அந்த ‘வேண்டும்’ வேண்டாம் என்றார்கள்.

முதலாளிகள் பக்கத்து மாநிலத்துக்கு மூட்டை கட்டிவிடுவார்களாம். கூட்டணியில் இன்னொரு கட்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். அமைச்சர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். பக்கோடாத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் கத்தினாள். விருட்டென்று எழுந்து கதவு வரை போனாள்.

பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தத் திரும்பி வந்ததில்தான். ஒன்றுமே இல்லாமல் போவதற்கு ஏதோ ஒன்றாவது கிடைக்கட்டுமே என்று அப்போது தோன்றிவிட்டது.

சரி, வேறு என்ன போடுவது? அதிகாரிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ‘அங்கீகரிக்க முயல்வது விரும்பத்தக்கது’ என்றார் ஒருவர். கேட்கவே அவளுக்குக் குமட்டியது.

“அங்கீகரிக்கலாம்னு போட்டுக்குங்க” என்றாள்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அம்மாவுக்கு என்ன தமிழறிவு என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

அங்கீகரிக்கலாம். பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம். இதைச் சொல்ல ஒரு சட்டம் எதற்கு? இத்தனை வருஷம் முதலாளிகளின் கையை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?

மாடத்தில் இருந்தவர்களுக்குச் சட்டத்தின் பெயர் மட்டும்தான் கேட்டிருக்கும்.

பேரவை கலைந்ததும் பின்பக்கமாகப் போய்க் காரில் ஏறியிருந்தால் தீர்ந்தது. மனசு கேட்கவில்லை. முன்வாசலுக்கே வந்தாள்.

அமுலு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காகக் கம்பெனி வெளியே நிறுத்தி வைத்திருக்கும் அமுலு. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்ப்பவள். முன்பு அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் என்பதால், எம்.எல்.ஏ. ஆன பிறகும் அவளை ‘நீ’ என்று கூப்பிடுவது அமுலு மட்டும்தான்.

“நெசமாவே பாஸாயிடுச்சாக்கா?”

“ஆயிடுச்சுடி.”

“நேத்து மேனேஜரு ஆள் அனுப்பிச்சாரு. சங்கத்துல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, உன்ன வேலைக்குச் சேத்துக்கறோம், நாளைக்குச் சாய்ந்தரம் வரைக்கும்தான் டைம்னு. போடா போக்கத்தவனே, எங்களுக்குச் சட்டமே வருதுன்னு சொல்லித் தொரத்திட்டேன்.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒரு ஃபோன் போட்டால் அமுலுவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும்.

அமுலுவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“அமுலு, நான் சொல்றத கேளு. இப்பவே மேனேஜருக்கு ஃபோன் போடு. சங்கத்துல இல்லன்னு சொல்லிடு.”

சங்கத்தில் யாரிடமும் எந்த நாளும் அவள் சொல்லாத வார்த்தை. சொல்லும்போது காது இரண்டும் சுட்டன.

அமுலு அவள் முகத்தையே பார்த்தாள்.

ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நேற்று நடந்ததை, யார் வாயிலிருந்து அந்த ‘அங்கீகரிக்கலாம்’ வந்தது என்பதை, ஒன்று விடாமல் கொட்டியிருப்பாள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றாள்.

அமுலுவின் முகம் மெல்ல மலர்ந்தது.

“என்னயே சோதிச்சுப் பாக்குறியாக்கா? இத்தினி தூரம் வந்தப்புறம் பயந்து ஓடிப்பூடுவேன்னு நெனச்சியா?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள்.

அதற்குள் அமுலு மற்ற பெண்கள் பக்கம் திரும்பிவிட்டாள். “இந்தக் கூத்தக் கேளுங்கடி. அக்கா எனக்குப் பரிட்ச வெக்கிது!”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

அவளும் சேர்ந்து சிரித்தாள்.