அண்ணாச்சி காருக்கு சூப்பர்சார்ஜர்

தங்கப்பழம் அண்ணாச்சி தன் பழைய ஜெர்மன் காருக்கு சூப்பர்சார்ஜர் வைக்கிறார் என்ற செய்தி வந்ததும், இன்ஸ்பெக்டர் குற்றாலநாதன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அரிசியை மாநிலம் தாண்டிக் கொண்டுபோனால் குற்றம் என்றிருந்த காலம் அது. சங்கரன்கோவில் அரிசிக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இரட்டை விலை. அந்தக் கடத்தலில் தங்கப்பழம்தான் கொம்பன் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? இந்த மாதத்துக்குள் பிடிக்காவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று மேலதிகாரி முந்தாநாள்தான் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். மனைவி ஆனந்தவல்லியோ, "அப்படின்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நானும் பிள்ளைகளும் இங்கனயே இருந்துக்கிடுதோம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

திருவேங்கடம் சாலையில் மருதப்பனின் ஒர்க் ஷாப். அங்கே காரின் பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டிருந்தார்கள். 'ஆறு மூட்டைக்கு இடம்!' என்று குற்றாலநாதன் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஏலே மருதப்பா, என்னலே இது?"

என்ஜினுக்குள் விட்டிருந்த தலையை மருதப்பன் வெளியே எடுத்தான். "சூப்பர்சார்ஜர் ஐயா. மதுரையில ஒரு பழைய டீசல் என்ஜின்ல கழத்துனது. என்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளும். வண்டி மலை ஏத்தத்துல பிச்சுக்கிட்டுப் போவும்."

"எங்க ஜீப்பு வெரட்டுனா?"

"தூசியத்தான் பாக்கலாம் ஐயா."

குற்றாலநாதன் வாசலில் நின்ற தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவன் போல மருதப்பன் மேலும் சொன்னான்.

"ஆனா இதுல ஒரு சள்ளை இருக்கு ஐயா. மத்த காருன்னா காத்து போற போக்குல பெட்ரோலையும் இழுத்துக்கிடும். இதுல கார்புரேட்டரே கெடையாது. இந்தா, இந்தப் பம்புதான் பெட்ரோல அளந்து அளந்து பீச்சுது. காத்து கூடுனது அதுக்கு எப்படித் தெரியும்? நாமதான் பம்பத் திருகிப் பெட்ரோலக் கூட்டி வைக்கணும்."

"கூட்டாம விட்டா?"

"சமதரையில ஓடும். மலை ஏறுச்சுன்னா சூடு தாங்காது. பாதி ஏத்தத்துல பிஸ்டன் உருகிப் படுத்துரும்."

குற்றாலநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

"பம்பத் தொடாத."

"ஐயா?"

"தொடாதலே! அப்படியே குடு. அண்ணாச்சிகிட்ட மூச்சு விட்ட, ஒன்னயத் தூக்கி உள்ள வச்சிருவேன்."

"நான் ஏன் ஐயா சொல்லுதேன்?" என்று மருதப்பன் பவ்யமாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை கார் புறப்பட்டது. அது போட்ட ஊளை ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டது. குற்றாலநாதன் பதறவில்லை. மலைப்பாதை செக்போஸ்டுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு, செங்கோட்டையில் இறங்கி ஒரு டீயும் குடித்துவிட்டு, நிதானமாக ஜீப்பில் பின்னால் போனார்.

சொல்லி வைத்தாற்போல் கார், செக்போஸ்ட் கம்பத்துக்குப் பத்தடி முன்னால், குறுகலான வளைவில் நடுச்சாலையில் புகை கக்கிப் படுத்திருந்தது. தங்கப்பழம் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வாங்க வே! ஒரு இண்டு இடுக்கு விடாமப் பாருங்க!"

செக்போஸ்டில் ஒருவர் மிச்சமில்லாமல் காரை மொய்த்தார்கள். டிக்கியைத் திறந்தார்கள். தரை விரிப்பைக் கிழித்தார்கள். சக்கரத்தைக்கூடக் கழற்றிப் பார்த்து மாட்டினார்கள். அகப்பட்டது ஒரு பொட்டலம் கோவில் புற்றுமண்.

"புனலூர்ல ஒரு சிநேகிதருக்குக் கொண்டு போறேன்" என்றார் தங்கப்பழம். "ஐயாவும் நெத்தியில கொஞ்சம் பூசிக்கிடுங்க. மனசு அடங்கும்."

"பின் சீட்டு எங்க வே?"

"கிழிஞ்சு போச்சுன்னு தைக்கக் குடுத்திருக்கேன் ஐயா."

குற்றாலநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போகாது, ஆனால் மானம் போய்விட்டது. அதற்குள் பின்னால் மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்று ஹாரன் காதைப் பிளந்தது. பஸ் ஜனங்கள் இறங்கி வந்து சத்தம் போட்டார்கள். "தள்ளுங்கய்யா இந்தச் சனியன!" என்று குற்றாலநாதன் கத்தி, தானும் ஒரு கை கொடுத்து, காரை ஓரம் கட்டினார். பிறகு இருந்த எரிச்சலில் கம்பத்தைத் தூக்கச் சொல்லி, பஸ், லாரி என்று பாராமல் "போ, போ" என்று எல்லாவற்றையும் விரட்டி அனுப்பினார்.

மூன்றாம் நாள் கேரளத்திலிருந்து தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை அதே நேரத்தில், மேலே வத்தல் மூட்டையும் அடியில் அரிசியுமாக, சங்கரன்கோவில் லாரிகள் நான்கு மலை தாண்டியிருக்கின்றன. சரக்கு இறங்கி விற்றும் ஆயிற்று. தகவலோடு மாற்றல் உத்தரவும் வந்தது.

உத்தரவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு குற்றாலநாதன் நேரே ஒர்க் ஷாப்புக்குப் போனார்.

"ஏலே! பம்பத் தொடாதன்னு நான் சொன்னத அண்ணாச்சிகிட்டப் போய் ஒளறிட்டியாலே?"

"கோமதியம்மன் சத்தியமா நான் அவுககிட்ட ஒண்ணும் சொல்லல ஐயா" என்றான் மருதப்பன்.

"அண்ணாச்சிதான் மொத நாளே எங்கிட்டச் சொன்னாவ: 'இன்ஸ்பெக்டர் ஐயா வருவாவ, நீ பம்பு வெவரத்த மட்டும் எடுத்துச் சொல்லு, மிச்சத்த அவுகளே சொல்லுவாவ'ன்னு."